தையற்காரியின் சாட்சியம்

வேலைக்கு வந்தவர் அந்த வீட்டுக்குள் கண்டதை வெளியே சொல்லலாமா? கேட்ட மாத்திரத்தில் நம்மில் அநேகர் கூடாது என்றுதான் சொல்வோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று மொழி சொல்லித் தந்திருக்கிறது. சபையில் நடந்தது அமானிதம் என்று மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது. இரண்டையும் நான் மறுக்கவில்லை. அந்தக் 'கூடாது' எல்லோருக்கும் ஒரே அளவாகச் சொல்லப்படுகிறதா என்பதுதான் என் ஐயம். எழுதுகிறவர்களுக்கு இது வெறும் குடும்ப விவகாரமுமல்ல. நாம் எழுதுவதில் பாதி யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் கண்டதுதானே.

இதை ஒரு குறிப்பிட்ட வீட்டை முன்வைத்துப் பேச விரும்புகிறேன். 1861 மார்ச் தொடக்கம் 1865 ஏப்ரல் வரை ஆபிரகாம் லிங்கன் குடியிருந்த வெள்ளை மாளிகை அது. உள்நாட்டு யுத்தம் ஆரம்பமானது முதல் முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் இருந்தவர்களும் வேலை செய்தவர்களும் வந்து போனவர்களும் ஏராளமாக எழுதி வைத்திருக்கிறார்கள். யார் எழுதியது வரவேற்கப்பட்டது, யார் எழுதியது துரோகம் எனப்பட்டது என்று பார்த்துக்கொண்டு போனால் நம் கேள்விக்குள் வந்து சேரலாம்.

முதலில் அந்த வீட்டின் அமைப்பைச் சொல்லவேண்டும். மேல்மாடியின் ஒரு புறத்தில் குடும்பம். மறு புறத்தில் ஜனாதிபதியின் காரியாலயம். குடும்பமும் அரசும் ஒரே மாடியில். ஜோன் நிக்கொலே, ஜோன் ஹே என்ற இரண்டு செயலாளர்களும் அங்கேயே ஓர் அறையில் படுத்துறங்கினார்கள். 1861இல் ஒருவருக்கு வயது 29, மற்றவருக்கு 22. அந்த ஏப்ரலில் தலைநகருக்கு ஆபத்து நெருங்கியபோது கீழ்மாடியிலிருந்த கிழக்கு மண்டபத்தில் ஆயுதம் தாங்கிய தொண்டர்கள் படுத்தார்கள். உத்தியோகம் தேடி வந்தவர்கள், கொந்தராத்துக்காரர்கள், படையை விட்டு ஓடிப் பிடிபட்டு மரணதண்டனைக்குக் காத்திருக்கும் மகனுக்காக மன்னிப்புக் கேட்டு வந்த தாய்மார் என்று படிக்கட்டு நெடுகச் சனம். நேரத்தைக் குறைக்கச் செயலாளர்கள் பாடுபட்டார்கள். லிங்கன் முழுதாக இணங்கவில்லை. மக்களின் கருத்தில் குளித்தெழுவது போன்றது இது என்று அவர் சொன்னதாக அறிகிறோம். மக்கள் வந்து சேர முடியாதபடி கூபாவில் ஸஅத் (ரலி) அவர்களின் மாளிகைக்கு வாசற்கதவு வைக்கப்பட்டதைக் கேள்வியுற்று, அந்தக் கதவை எரித்துவிட ஆள் அனுப்பிய உமர் (ரலி) அவர்களின் வரலாறு இவ்விடத்தில் என் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனாலும் லிங்கனின் கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறந்திருக்கவில்லை. 1865 மார்ச் 4 அன்று இரண்டாம் பதவியேற்பை ஒட்டிய வரவேற்புக்கு வந்த பிரடெரிக் டக்ளஸைப் பொலிஸார் வாசலிலேயே மறித்தார்கள். முன்னரே அந்த வீட்டில் ஜனாதிபதியைச் சந்தித்துப் பேசியவர் அவர். உள்ளே செய்தி அனுப்பிய பிறகுதான் விட்டார்கள்.

வேலையாட்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது. வில்லியம் ஜோன்சன் என்ற கறுப்பின இளைஞர் லிங்கனோடு ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வந்தவர். வெள்ளை மாளிகையில் ஏற்கெனவே வேலை செய்த, நிறம் சற்று வெளுத்த கறுப்பினப் பணியாட்கள் இவருடைய கடும் நிறத்தைக் காரணம் காட்டி இவரோடு வேலை செய்ய மறுத்தார்கள். நாட்டின் தலைவரால் தமது வீட்டுக்குள் ஒருவரை வைத்துக்கொள்ள முடியவில்லை. வேறு இடத்தில் வேலை தரும்படி கடிதம் எழுதி, கடைசியில் திறைசேரியில் தூது கொண்டு செல்லும் வேலை எடுத்துக் கொடுத்தார். 1863 நவம்பரில் கெட்டிஸ்பேர்க் பயணத்தில் லிங்கனோடு போனவரும் ஜோன்சன்தான். திரும்பி வந்ததும் லிங்கனுக்கு இலேசான பெரியம்மை கண்டது. அவர் தேறினார். ஜோன்சனும் பெரியம்மை கண்டு 1864 ஜனவரியில் இறந்துபோனார். இவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் எழுதியவைதாம். அந்தப் பணியாட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அவருக்கு எப்படி இருந்தது என்று அவரே சொன்ன ஒரு வசனம் கூட இல்லை. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாத நல்ல பணியாளுக்கு இலக்கணம் தேடுவோர் இவரைக் காட்டலாம்.

சொன்னவர் எலிசபெத் கெக்லி.

1818இல் வேர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். தாயை உடைமையாக வைத்திருந்த எஜமானே தகப்பன். ஊசி நூலால் எஜமான் குடும்பத்துக்கே உழைத்துப் போட்டவர். தன்னையும் தன் ஒரே மகனையும் மீட்க 1,200 டொலர் விலை பேசப்பட்டது. சென் லூயிஸ் நகரில் இவரிடம் உடை தைத்த சீமாட்டிகள் கடனாகக் கொடுத்தார்கள். 1855இல் விடுதலைப் பத்திரம் கிடைத்தது. தைத்துத் தைத்தே கடனை அடைத்தார். 1860இல் வோஷிங்டன் வந்து பெரிய இடத்துப் பெண்களுக்கு உடை தைத்தார். பின்னர் தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவரான ஜெபர்சன் டேவிஸின் மனைவிக்கும் தைத்திருக்கிறார். 1861 மார்ச்சிலிருந்து லிங்கனின் மனைவி மேரிக்குத் தைத்தார். யுத்தத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு தலைவர்களின் மனைவிமாரையும் அளவெடுத்த கை அது. தைப்பதோடு நிற்கவில்லை. உடுத்திவிட்டார், தலை வாரிவிட்டார், மேரி அழும்போது பக்கத்தில் இருந்தார். தோழி என்று மேரியே சொல்லும் அளவுக்கு வந்தார்.

அவருடைய மகன் வெள்ளையர் என்று பதிந்து வடக்குப் படையில் சேர்ந்து, 1861 ஓகஸ்ட் 10 அன்று மிசூரியில் கொல்லப்பட்டான். ஆறு மாதம் கழித்து, 1862 பெப்ரவரி 20இல், லிங்கனின் மகன் வில்லி காய்ச்சலில் இறந்தான். வயது 11. மையித்தைக் குளிப்பாட்டி உடுத்துவதற்குக் கெக்லியும் கூட நின்றார்.

1868இல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். முப்பது வருட அடிமை வாழ்வையும் வெள்ளை மாளிகையில் நாலு வருடத்தையும் பற்றியது. அதில் லிங்கன் மகனின் கட்டிலடியில் நின்று அழுதது இருக்கிறது. துக்கத்தில் நிலைகுலைந்த மேரியை லிங்கன் கைபிடித்து ஜன்னலடிக்குக் கூட்டிப்போய், தூரத்தில் தெரிந்த மனநோயாளர் விடுதியைக் காட்டி, உன்னைக் கட்டுப்படுத்திக்கொள், இல்லாவிட்டால் அங்கே அனுப்பவேண்டி வரும் என்று எச்சரித்தது இருக்கிறது. மேரி கணவனுக்குத் தெரியாமல் கடைகளில் வைத்த கடன் இருக்கிறது. 1864இல் அது 27,000 டொலர் என்று எழுதுகிறார். ஜனாதிபதியின் வருடச் சம்பளமே 25,000. விதவையான மேரி 1867இல் தம் பழைய உடைகளை விற்க வேறு பெயரில் நியூயோர்க் போனபோது, தம் தொழிலை விட்டுவிட்டு இவரும் துணைக்குப் போனது இருக்கிறது. ஹோட்டலில் கறுப்புப் பெண்ணுக்கு மேல்மாடிக் கூரையடி அறைதான் என்றார்கள். மேரியும் அங்கேயே அவரோடு தங்கினார். சாப்பாட்டு மண்டபத்தில் கெக்லிக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை. புத்தகத்தின் பின்னிணைப்பாக மேரி அவருக்கு எழுதிய கடிதங்களும் அச்சிடப்பட்டிருந்தன.

மேரி மீது விழுந்த பழியைத் துடைக்கவே எழுதினேன் என்று முன்னுரையில் சொன்னார். யாரும் அதைக் காதில் போடவில்லை. கறுப்பினப் பணியாளை வைத்திருக்கிற எந்தக் குடும்பத்துக்கு இனிப் பாதுகாப்பு என்ற தொனியில் பத்திரிகையில் வந்தது. இழிசொல்லைத் தலைப்பிலேயே வைத்து அவரைப் பரிகசிக்கும் பிரசுரம் ஒன்றும் அதே வருடம் வெளிவந்தது. மேரி உறவை முறித்துக்கொண்டார். ஒரு கடிதத்தில் கறுப்பு வரலாற்றாசிரியை என்று எள்ளலாகக் குறிப்பிட்டார். வாடிக்கை குறைந்தது. 1907இல் வோஷிங்டனில் ஆதரவற்ற கறுப்பினப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான விடுதியொன்றில் காலமானார். 1935இல் ஒரு பத்திரிகையாளர் இப்படியொரு ஆசிரியை இருக்கவேயில்லை என்று கூட எழுதினார். வோஷிங்டன் நகரத்து ஆசிரியரும் பல் வைத்தியருமான ஜோன் ஈ. வோஷிங்டன் என்ற கறுப்பினத்தவர், அவரை நேரில் அறிந்த முதியவர்களைத் தேடிப் போய்க் கேட்டு 1942இல் ஒரு நூல் வெளியிட்டார். அது இல்லாதிருந்தால் அந்த வாதமே நிலைத்திருக்கும்.

இனி மற்றவர்கள் எழுதியதைப் பார்ப்போம். ஓவியர் பிரான்சிஸ் கார்ப்பென்டர் விடுதலைப் பிரகடனத்தைப் படமாகத் தீட்டுவதற்காக 1864இல் ஆறு மாதம் அந்த வீட்டில் புழங்கினார். 1866இல் அதைப் புத்தகமாக்கினார். ஜனாதிபதி தனிமையில் எப்படி இருந்தார், என்ன பேசினார் என்றெல்லாம் எழுதினார். வாசகர்கள் விரும்பி வாங்கினார்கள். லிங்கனின் பழைய சட்டத்தொழிற் கூட்டாளி ஹேர்ன்டன் அதே வருடம் ஸ்பிரிங்ஃபீல்டில் மேடையேறி, லிங்கன் உண்மையில் காதலித்தது இளம் வயதில் இறந்துபோன வேறொரு பெண்ணைத்தான் என்று, விதவை உயிரோடிருக்கும்போதே பேசினார். அவரையும் கண்டித்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உன் தராதரம் என்ன என்று கேட்கவில்லை. செயலாளர்கள் இருவரும் 1890இல் பத்துப் பாகத்தில் வரலாறு எழுதினார்கள். லிங்கனின் மூத்த மகன் ரொபர்ட் தகப்பனின் பத்திரங்களை அவர்களுக்குக் கொடுத்தார். கையெழுத்துப் பிரதியை வாசித்து வேண்டாததை வெட்டும் உரிமையையும் அவர்கள் அவருக்குக் கொடுத்தார்கள். அந்த இளைஞர்கள் மாளிகையில் இருந்த காலத்தில் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களில் மேரியை நரகத்துப் பூனை என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அக்கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியபோது அரிய மூலம் என்று ஆய்வாளர்கள் போற்றினார்கள். ஹே பின்னாளில் இராஜாங்கச் செயலாளராகவும் உயர்ந்தார்.

ஒரே வீடு. ஒரே மாடி. பேனாவோடு இருந்தவர் சொன்னால் வரலாறு, ஊசியோடு இருந்தவர் சொன்னால் துரோகம்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வேலைக்காரரின் வாயை எப்போதும் அடைத்து வைத்திருந்தார்கள் என்பதல்ல விஷயம். தேவைப்படும்போது திறந்தும் விட்டார்கள். 1861 டிசம்பரில் லிங்கன் காங்கிரஸுக்கு அனுப்பவிருந்த வருடாந்தச் செய்தியின் பகுதி முன்கூட்டியே நியூயோர்க் ஹெரல்ட் பத்திரிகையில் வந்துவிட்டது. மேரியின் வரவேற்பறைக்கு வந்து போன வைகொஃப் என்ற விருந்தாளிமீது விசாரணை. யார் தந்தது என்று சொல்ல மறுத்ததால் 1862 பெப்ரவரியில் அவரைத் தடுத்து வைத்தார்கள். எல்லோருடைய கண்ணும் மேரிமீது. அப்போது மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோன் வாட் வந்து, அந்தப் பத்திரத்தைத் தற்செயலாகப் பார்த்து மனனம் செய்து நானே ஒப்புவித்தேன் என்றார். நீண்ட அரசாங்கப் பத்திரத்தை ஒரு தோட்டக்காரர் ஒரு பார்வையில் மனனம் செய்தாராம்! விசாரணைக் குழு அதை ஏற்றுக்கொண்டு விவகாரத்தை முடித்தது. எஜமானியைக் காப்பாற்றுகிற சாட்சியம் என்றால் தோட்டக்காரரின் வாக்கும் செல்லும்.

அதைவிடக் கசப்பானது 1875. ரொபர்ட் தன் தாய் மேரிக்குச் சித்தசுவாதீனம் இல்லை என்று சிக்காகோ நீதிமன்றத்தில் வழக்கு வைத்தார். பகிரங்க விசாரணை, ஜூரிமார், பத்திரிகைக்காரர்கள். சாட்சிக் கூண்டில் வைத்தியர்களோடும் கடைக்காரர்களோடும் மேரி தங்கியிருந்த ஹோட்டலின் வேலையாட்களும் ஏறினார்கள். அறைக்குள் அவர் என்ன பேசினார், எப்படி நடந்துகொண்டார் என்று அந்த வேலைக்காரப் பெண்கள் சொன்னார்கள். அவர்களைப் பார்த்து வீட்டு இரகசியத்தைச் சொல்லாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. மேரி விடுதிக்கு அனுப்பப்பட்டார். சில மாதங்களில் வெளியே வந்தார் என்பது வேறு விஷயம். வரலாற்றாசிரியர்களின் பிரதியில் குடும்ப மானத்துக்காகக் கத்திரிக்கோல் பிடித்த அதே மகன்தான் இதைச் செய்தவர்.

நமது மரபு இதில் என்ன சொல்கிறது என்று பார்க்கப் போனால், நாம் நினைப்பதைவிட நுட்பமான இடத்துக்கு வந்து சேர்கிறோம். ஸூரா அந்நூரின் 58ஆம் வசனம் வேலையாட்களைப் பற்றிப் பேசுகிறது. சுபஹுக்கு முன், நடுப்பகலில் உடை களையும் நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் அவர்கள் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும். மற்ற நேரங்களில் அவர்களும் நீங்களும் ஒருவரிடம் ஒருவர் போய் வருகிறவர்கள், குற்றமில்லை என்ற பொருளில் அது தொடர்கிறது. பணியாள் கண் மூடிய ஜடமல்ல, பார்க்கிறவர் என்பதை அவ்வசனம் எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொள்கிறது. மறைக்கவேண்டிய நேரம் எது என்று எல்லையும் போடுகிறது. முழு நாளையும் அது மறைக்கச் சொல்லவில்லை.

அனஸ் இப்னு மாலிக் (ரலி) சிறுவராக நபி (ஸல்) அவர்களின் வீட்டில் பணிவிடைக்குச் சேர்ந்து பத்து வருடம் இருந்தார்கள். ஒருநாள் நபியவர்கள் ஒரு காரியமாக அனுப்ப, வீடு திரும்பப் பிந்திவிட்டது. உம்மா உம்மு ஸுலைம் (ரலி) காரணம் கேட்டபோது அது அல்லாஹ்வின் தூதருடைய இரகசியம் என்றார் சிறுவர். யாருக்கும் சொல்லாதே மகனே என்றார் உம்மா. முஸ்லிமில் வரும் இந்த ஹதீஸைப் பணியாளின் வாயடக்கத்துக்கு ஆதாரமாகப் பலர் எடுத்துச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதே அனஸ் (ரலி) வழியாக நமக்கு வந்த ஹதீஸ்கள் 2,200க்கும் மேல் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. நபியவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படிச் சிரித்தார்கள், பணியாளின் தவறை எப்படிப் பொறுத்தார்கள் என்று நாம் அறிவதில் பெரும் பங்கு வீட்டுக்குள் நின்ற ஒரு பணியாளின் கண் கண்டது. ஒன்றை மறைத்தார்கள், ஆயிரத்தைச் சொன்னார்கள். எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று பகுத்தறியும் பொறுப்பு அந்தப் பணியாளிடமே இருந்தது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு கிளம்பியபோது நபியவர்கள் பணிப்பெண் பரீராவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். குறை சொல்லும்படி ஒன்றும் நான் காணவில்லை, இளம் பெண், பிசைந்து வைத்த மாவைக் கவனியாமல் தூங்கிவிடுவார், ஆடு வந்து தின்றுவிடும், அவ்வளவுதான் என்ற பொருளில் பரீரா சொன்னார். எவ்வளவு எளிய சாட்சியம்! அந்த ஆட்டையும் மாவையும் வீட்டுக்குள் நின்ற ஒருத்தியைத் தவிர வேறு யாரால் சொல்லமுடியும்? ஹதீஸ் கலையில் பொற்சங்கிலி எனப்படும் அறிவிப்பாளர் வரிசையின் நடுவில் நிற்கும் நாஃபிஉ, இப்னு உமர் (ரலி) விடுதலை செய்த அடிமை. அறிவிப்பாளரை எடைபோட்டவர்கள் அவர் உண்மை பேசுகிறவரா, ஞாபகசக்தி உள்ளவரா என்று பார்த்தார்கள். அவர் யாருடைய குசினியில் நின்றவர் என்று பார்த்துத் தள்ளவில்லை. கெக்லி பிறந்த வேர்ஜீனியாவிலோ ஒரு வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லச் சட்டமே இடம் தரவில்லை.

இவ்வளவு சொன்னதனால் கெக்லி செய்தது அனைத்தையும் நான் நியாயப்படுத்துவதாக ஆகாது. கடிதங்கள் வேறு. அவை மேரியின் சொற்கள். துயரத்தின் உச்சத்தில் ஒரு தோழியை நம்பி எழுதியவை. அவற்றை அச்சிடுவதைத் தாம் விரும்பவில்லை என்று கெக்லி சொன்னதாக அவரை அறிந்தவர்கள் பின்னர் கூறியிருக்கிறார்கள். இருக்கலாம். அமானிதத்தை இன்னொருவர் கையில் கொடுத்தால் பொறுப்பு நம்மை விட்டுப் போய்விடாது. ஆனால் கடன் விவகாரம் அப்படியல்ல. யுத்தகாலத்தில் ஜனாதிபதியின் மனைவிக்கு இவ்வளவு கடன் கொடுக்கிற வியாபாரி அதற்குப் பதிலாக என்ன எதிர்பார்ப்பான்? கணவன் மறுபடி தெரிவானால் அரசியல்வாதிகளைக் கொண்டு தீர்த்துக்கொள்ளலாம் என மேரி எண்ணியிருந்ததாகக் கெக்லியே எழுதுகிறார். பொதுப்பணத்தில் நடக்கும் வீட்டில் அது பொது விஷயம். ஹோட்டலின் கூரையடி அறையோ எவருடைய இரகசியமுமல்ல. அது கெக்லிக்கு நேர்ந்தது. தனக்கு நேர்ந்ததைச் சொல்ல ஒருவர் எஜமானியிடம் அனுமதி வாங்கவேண்டியதில்லை.

நமக்கும் இது தூரத்துக் கதையல்ல. மூதூரிலிருந்து சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போன நம் பிள்ளை 2013 ஜனவரியில் சிரச்சேதம் செய்யப்பட்டபோது, அவளது வாக்குமூலம் எப்படி எடுக்கப்பட்டது, யார் மொழிபெயர்த்தது என்று நாமெல்லாம் கேட்டோம். பணிப்பெண்ணின் சொல்லுக்கு அவள் மொழியில் காது கொடுங்கள் என்றோம். நியாயமான கேள்வி. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த பெண்கள் அந்த வீடுகளுக்குள் கண்டதைச் சொன்னபோது ஆவலோடு கேட்டோம், கதையாகவும் எழுதினோம். ஆனால் நம் வீட்டில் வேலைக்கு நிற்கிற பிள்ளை, ஊருக்குப் போய் நம் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டால் நம் முகம் எப்படி மாறும்? அரபு வீட்டைச் சொன்னால் இலக்கியம், நம் வீட்டைச் சொன்னால் கோள். அந்தப் பிள்ளையை வைத்து நாம் எழுதிய சிறுகதைகள் உண்டு. அவள் நம்மை வைத்து எழுதியது எங்கே?

1868இல் அந்தக் கையெழுத்துப் பிரதி என் மேசைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். கடிதங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அதில் எனக்குத் தயக்கமில்லை. கடனையும் கூரையடி அறையையும் ஓர் எழுத்துக் குறையாமல் போட்டிருப்பேன். வில்லியைக் குளிப்பாட்டிய அந்த மாலையையும் போட்டிருப்பேன். ஆறு மாதத்துக்கு முன் தன் பிள்ளையைக் கண்ணாலும் காணாமல் பறிகொடுத்த தாய் இன்னொருத்தியின் பிள்ளைக்கு உடை மாட்டுகிறாள். அந்தத் துக்கத்தில் அவளுக்கும் பங்கிருக்கிறது.

ஜன்னல்தான் எனக்குத் தீரவில்லை. கணவன், மனைவி, தூரத்தில் ஒரு கட்டிடம். மூன்று நேரத்துக்குள் அடங்கவேண்டிய காட்சி அது என்று ஒரு மனம் சொல்கிறது. அது அச்சேறிய ஏழாவது வருடம் மகன் தாயை அப்படியொரு கட்டிடத்துக்கு அனுப்பினான். அப்போது அந்தப் பக்கத்தை நினைத்துக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். மேரிக்கு அது இன்னொரு அடி. ஆனால் பிள்ளையை இழந்த ஒருத்தியிடம், அவள்மீது அன்பு கொண்டவனே, அழுகையை நிறுத்து என்று கட்டிடத்தைக் காட்டித்தான் சொல்லவேண்டியிருந்தது என்பதைக் கெக்லி எழுதியிராவிட்டால் நாம் அறிந்திருக்கமாட்டோம். தன் மகனுக்காக அவர் எங்கே நின்று அழுதார் என்று கேட்கவும் அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியிராது.